குளுக்கோமீட்டர் பெட்டி: மீட்டரை விடுங்கள், ஸ்ட்ரிப்பைப் பாருங்கள்

சர்க்கரை நோய் என்று உறுதியான வாரத்திலேயே பலர் வாங்கிவிடுகிற பொருள், வீட்டிலேயே ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர். பெட்டியைப் பிரித்தால் ஒரு மீட்டர், பெரும்பாலும் 10 ஸ்ட்ரிப், விரலில் குத்தும் பேனா, அதில் செருகும் 10 லான்செட் (சிறு ஊசி), ஒரு ஜிப் பை, பொடி எழுத்தில் அச்சடித்து மடித்து வைத்த ஒரு காகிதம். கடையில் எல்லாரும் மீட்டரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்: திரை பெரிதா, புளூடூத் உண்டா, எத்தனை ரீடிங் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இந்த விமர்சனத்தின் வரிசை தலைகீழ். முதலில் ஸ்ட்ரிப், அடுத்து பேனா, அதற்கப்புறம்தான் மீட்டர். தினசரி வாழ்க்கையில் தொல்லை கொடுப்பதும் உதவுவதும் இந்த வரிசையில்தான்.

ஸ்ட்ரிப்

ரத்தத்தைச் சோதிக்கும் வேலை முழுக்க ஸ்ட்ரிப்பின் நுனியில் நடக்கிறது. அங்கே பூசியிருக்கும் என்சைம், ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரியும். அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் கிளம்பும். அதை அளந்து எண்ணாகக் காட்டுவதோடு மீட்டரின் வேலை முடிந்தது. என்சைம் கெட்டிருந்தால் எந்த உயர்ந்த மீட்டரும் தப்பான எண்ணைத்தான் காட்டும். எரர் வந்தாலாவது பரவாயில்லை. பல சமயம் அதுவும் வராது.

என்சைமைக் கெடுப்பவை ஈரமும் சூடும். ஸ்ட்ரிப் வருகிற டப்பாவின் மூடியிலோ உள்சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை டக்கென்று மூடிவிட வேண்டும். சோதித்து முடித்த பிறகு மூடிக்கொள்ளலாம் என்று திறந்தே வைப்பதுதான் வீட்டில் நடக்கிற பொதுவான தப்பு. பயணத்துக்கு நாலைந்து ஸ்ட்ரிப்பை மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப் போவது இரண்டாவது தப்பு. குளியலறை அலமாரி, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு, வெயிலில் நிற்கும் கார், மூன்றும் ஆகாது. ஃபிரிட்ஜும் வேண்டாம்; குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரி செல்சியஸ்தான் மேல் எல்லை.

டப்பாவில் அச்சிட்ட எக்ஸ்பைரி, சில பிராண்டுகளில் திறக்காத டப்பாவுக்கு மட்டும்தான். திறந்தபின் 3 மாதம், 6 மாதம் என்று தனிக்கெடு வைத்திருப்பார்கள். வேறு சிலவற்றில் அச்சிட்ட தேதி வரை ஓடும். எது என்று காகிதத்தில் பார்த்துவிட்டு, திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதிவிடுவது நல்லது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் சோதிக்கப் போகிறவர் 50 ஸ்ட்ரிப் டப்பா வாங்கினால் பாதி வீணாகலாம். அவருக்குத் தனித்தனியாக ஃபாயிலில் அடைத்து வருகிற ஸ்ட்ரிப் பொருந்தும்.

எல்லார் ரத்தத்தையும் எல்லா ஸ்ட்ரிப்பும் சரியாகப் படிப்பதில்லை. ரத்தசோகை இருந்தால் பல ஸ்ட்ரிப்புகள் சர்க்கரையை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சிவப்பணு அதிகம் இருப்பவருக்குக் குறைத்துக் காட்டும். காகிதத்தில் ‘ஹீமட்டோகிரிட்’ (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரி இருக்கும். சில ஸ்ட்ரிப்புகளுக்கு அது 30 முதல் 55 சதவீதம், வேறு சிலவற்றுக்கு 15 முதல் 65. ரத்தசோகை உள்ளவர் அகலமான எல்லை கொண்டதை எடுக்க வேண்டும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம் உள்ள ஸ்ட்ரிப், ஆக்சிஜன் சிகிச்சையில் இருப்பவருக்குக் குறைத்துக் காட்டக்கூடும். ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்ற என்சைம் வகை, மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்றே எண்ணிக்கொள்ளும். ஐகோடெக்ஸ்ட்ரின் திரவத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர் உடலில் மால்டோஸ் சேரும். அவருக்கு இந்த வகை உயிராபத்து. பொய்யான உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுவிடுவார்கள். இதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-லேயே எச்சரித்திருக்கிறது. அதிக டோஸில் வைட்டமின் சி எடுப்பவர்களும் காகிதத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

துல்லியம் என்று வரும்போது எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-ன் 2013 பதிப்பு கேட்பது இவ்வளவுதான்: சர்க்கரை (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் லேப் அளவிலிருந்து 15 மி.கி.க்குள், 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதத்துக்குள், 95 சதவீத ரீடிங்குகள் விழ வேண்டும். உண்மையான அளவு 200 என்றால் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் ஸ்ட்ரிப் தேர்ச்சிதான். அடுத்தடுத்து இரண்டு தடவை குத்தி 138, 149 என்று வந்தால் இரண்டும் ஒரே அளவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரிப்பை எடுத்து ‘எது நிஜம்’ என்று பார்ப்பது விரலுக்கும் பணத்துக்கும் நஷ்டம். பழைய 2003 பதிப்பு 20 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தது. எனவே பெட்டியில் எந்த ஆண்டுப் பதிப்பு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

லேப் ரிசல்ட்டோடு ஒப்பிட்டு மீட்டரைக் குறை சொல்வதிலும் முறை இருக்கிறது. வெறும் வயிற்றில், நரம்பில் ரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள் விரலில் குத்தினால்தான் ஒப்பீடு செல்லும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை கையில் எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அந்த நேரத்து வித்தியாசத்துக்கு மீட்டர் பொறுப்பாகாது. லேப் பக்கமும் முழுக்கச் சுத்தம் இல்லை. எடுத்த ரத்தத்தை அணுக்களைப் பிரிக்காமல் குழாயில் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை கரைந்துகொண்டே போகும்.

ஸ்ட்ரிப் கெட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கன்ட்ரோல் சொல்யூஷன். அளவு தெரிந்த சர்க்கரைத் திரவம். ஒரு சொட்டை ரத்தத்துக்குப் பதிலாக வைத்தால், வரும் எண் ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் விழ வேண்டும். புது டப்பா திறக்கும்போது, மீட்டர் கீழே விழுந்தால், ரீடிங் நம்ப முடியாமல் இருந்தால் இதைச் செய்ய வேண்டும். பல பெட்டிகளில் இது கிடையாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஜிப் பைக்குச் செலவழித்ததை இதற்குச் செலவழித்திருக்கலாம். இதற்கும் திறந்தபின் கெடு உண்டு. பலவற்றில் 3 மாதம்.

குத்தும் பேனா

இரண்டாவது வாரத்திலும் சோதிப்பீர்களா, பெட்டியை மூலையில் போடுவீர்களா என்பதை முடிவு செய்வது இந்தப் பேனாதான். வலித்தால் விட்டுவிடுவீர்கள்.

லான்செட்டில் கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லிசு: 28 தடிமன், 33 மெல்லியது. பயந்து 33 வாங்கி, டயலை 1-ல் வைத்தால் சொட்டு வராது. விரலை நசுக்கிப் பிழிவீர்கள். ரத்தத்தோடு திசுநீரும் கலந்து ரீடிங் கெடும். 30 கேஜ், டயல் நடுவுக்குச் சற்றுக் கீழே என்று தொடங்கி, பிழியாமல் சொட்டு வரும்வரை ஒவ்வொரு படியாக ஏற்றுவது நல்ல வழி. கடின வேலை செய்து தோல் தடித்தவர்களுக்கு 28 தேவைப்படலாம்.

குத்தும் இடம் விரல் நுனியின் பக்கவாட்டு. நடுவில் நரம்பு முனைகள் அதிகம், அதனால் வலியும் அதிகம். பொருள்களைத் தொடும்போதெல்லாம் உறுத்தவும் செய்யும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டு மற்ற விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைச் சில நொடி தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி மெதுவாக நீவிய பிறகு குத்தினால் சொட்டு தானாக நிற்கும். பிறகு ஸ்ட்ரிப்பின் ஓரத்தைச் சொட்டில் தொட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே தடவக் கூடாது. ரத்தம் பற்றவில்லை என்றால் சில மாடல்களில் சில நொடிகளுக்குள் இன்னொரு சொட்டு சேர்க்கலாம். காகிதத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும். இல்லாவிட்டால் அந்த ஸ்ட்ரிப் போனது போனதுதான்.

கை கழுவுவதைச் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மி.கி./டெ.லி. என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1 மைக்ரோகிராம் குளுக்கோஸ். ஸ்ட்ரிப் குடிப்பது அரை மைக்ரோலிட்டர் அளவு, அதில் அரை மைக்ரோகிராம். பழம் உரித்த விரலில் இன்னொரு அரை மைக்ரோகிராம் ஒட்டியிருந்தால் 100 என்பது 200 ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு அது. சானிடைசர் தடவினால் இந்தச் சர்க்கரை போகும் என்று நம்ப முடியாது. காயாத ஸ்பிரிட் சொட்டோடு கலந்தால் அது வேறு கோளாறு. தண்ணீரே கிடைக்காத இடத்தில் முதல் சொட்டைச் சுத்தமான பஞ்சில் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

லான்செட் ஒரு தடவைக்குத்தான் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். முனை மழுங்கினால் வலி கூடும். நேற்று வலிக்காத பேனா இன்று வலிக்கிறது என்றால் முதலில் லான்செட்டை மாற்றிப் பாருங்கள். பேனாவை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது, ஊசியை மாற்றினாலும். பேனாவின் மூடியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் வழியே ஹெபடைடிஸ் பி பரவும். ‘எனக்கும் ஒரு தடவை பார்’ என்று கேட்கும் உறவினருக்குத் தனி டிஸ்போசபிள் லான்செட் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசி, குத்தினால் துளையாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும். அதையும் எந்தப் பெட்டியும் தருவதில்லை.

கை நடுங்குபவர்களுக்கும் கண்பார்வை மங்கியவர்களுக்கும் ஒவ்வொரு லான்செட்டாகச் செருகுவது பெரும் பாடு. அக்கு-செக் ஃபாஸ்ட்கிளிக்ஸ் பேனாவில் 6 ஊசி கொண்ட உருளை உள்ளேயே இருக்கிறது, ஊசியைக் கையால் தொட வேண்டியதில்லை; ஆழத்துக்கு 11 படிகள். இந்த ஒரு காரணத்துக்காக மீட்டரின் பிராண்டையே தேர்ந்தெடுத்தாலும் தப்பில்லை.

மீட்டர்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சமுள்ள திரை, ஸ்ட்ரிப் செருகும் வாயில் சின்ன விளக்கு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று குறிக்கும் வசதி, சுலபமாகக் கிடைக்கும் பேட்டரி. பல மீட்டர்களுக்கு சிஆர்2032 போதும். இவை இருந்தால் சரி. ஒவ்வொரு புது ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் அதன் குறியீட்டு எண்ணை மீட்டரில் போடச் சொல்லும் பழைய வகை வேண்டாம். அந்த எண்ணைத் தப்பாகப் போட்டால் ரீடிங்கும் தப்பும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை இரண்டு. தேதியையும் நேரத்தையும் சரியாக வைப்பது ஒன்று. பேட்டரி மாற்றிய பிறகும் இதைப் பாருங்கள். நேரம் தப்பினால் மெமரியில் உள்ள 300 ரீடிங்கும் டாக்டருக்கு வெறும் எண்கள். மற்றொன்று அலகு. மி.கி./டெ.லி. காட்டும் மீட்டரும் உண்டு, மில்லிமோல்/லிட்டர் காட்டும் மீட்டரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே 18 மடங்கு. மில்லிமோலில் 7 என்றால் மி.கி.யில் 126. வேறு நாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த மீட்டரில் இந்தக் குழப்பம் வரும், பலவற்றில் மாற்றவும் முடியாது.

திரையில் எண்ணுக்குப் பதில் ‘ஹை’ வந்தால் பெரும்பாலான மீட்டர்களில் 600-க்கு மேல் என்று அர்த்தம். கை கழுவி உடனே இன்னொரு தடவை பாருங்கள். மறுபடியும் அதுவே என்றால் மருத்துவமனை. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் சேர்ந்திருந்தால் 300-க்கே போக வேண்டும்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை காட்டும் ‘சராசரி’ பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காலையில் மட்டும் சோதிக்கிறவரின் சராசரி வெறும் காலைச் சராசரிதான். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் லேப் சோதனை) 7 சதவீதம் என்பது நாள் முழுக்கச் சேர்த்து சராசரி 154-க்குச் சமம். செயலி 120 காட்ட, ஹெச்பிஏ1சி 8 வந்தால் செயலி பொய் சொல்லவில்லை, சாப்பிட்ட பிறகான நேரங்களை யாரும் பார்க்கவில்லை. பெட்டியோடு வருகிற மட்டமான காகிதப் புத்தகம் இந்த விஷயத்தில் செயலியைவிட மேல்: காலியான கட்டங்கள் கண்ணில் குத்தும்.

பெட்டி சொல்லித் தராதது

எப்படிச் சோதிப்பது என்று ஆறு படம் போட்டு விளக்கும் காகிதம், எப்போது சோதிப்பது என்பதைத் தொடுவதே இல்லை. பெட்டியின் பெரிய குறை இதுதான்.

இன்சுலின் போடுபவருக்கும் கர்ப்பிணிக்கும் அட்டவணையை டாக்டர்தான் தர வேண்டும். மாத்திரையிலோ உணவு மாற்றத்திலோ இருக்கிற புதியவருக்கு ஜோடி ஜோடியாகச் சோதிப்பது ஸ்ட்ரிப்புக்கு முழுப் பலன் தரும்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரத்தில் ஒன்று. சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிடக் கூடாது. ஒரு நாள் காலை, மறுநாள் மதியம், அதற்கடுத்த நாள் இரவு என்று சுற்றினால் மூன்று நாளில் 6 ஸ்ட்ரிப்பில் ஒரு முழு நாளின் படம் கிடைக்கும். பெட்டியில் உள்ள 10 ஸ்ட்ரிப் இப்படி ஐந்து ஜோடி.

கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குக் கீழ். வயதானவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார். தனி எண்ணைவிட ஜோடியின் வித்தியாசம்தான் அதிகம் பேசும். முன் 150, பின் 175 என்றால் அந்தச் சாப்பாடு கணிசமாக ஏற்றவில்லை; ஏற்கெனவே உயர்ந்திருந்தது, மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டியது. முன் 105, பின் 210 என்றால் தட்டில் மாவுச்சத்து கூடிவிட்டது. அதே சாப்பாட்டைப் பாதியாக்கி, அல்லது சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்து, இன்னொரு ஜோடி எடுத்தால் பதில் தெரிந்துவிடும். காலை வெறும் வயிற்று அளவு மட்டும் உயர்வாக இருந்தால் முந்தைய இரவுச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் தானாகவே சர்க்கரையை வெளியே விடும்.

70-க்குக் கீழே போனால் லோ சுகர். இன்சுலினும், கிளிமெபிரைட், கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இதைக் கொண்டுவரும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அபூர்வம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை, ஏறாவிட்டால் மறுபடி 15 கிராம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மறு சோதனையில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: குளுக்கோஸைத் தொட்ட அதே விரலில் குத்துவார்கள், 190 காட்டும், சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவார்கள். கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும். முன்கையில் குத்தும் வசதி சில பேனாக்களில் உண்டு. லோ என்று சந்தேகம் வந்தால் அங்கே குத்தாதீர்கள், முன்கை ரத்தம் விரலுக்குப் பின்தங்கித்தான் மாறும்.

இன்னொன்று. மாதக்கணக்கில் 300-லேயே இருந்த உடம்புக்கு மருந்து தொடங்கியதும் 100 கூட நடுக்கத்தையும் வியர்வையையும் கொடுக்கும். அப்போது மீட்டர் 100 காட்டினால் அது ஆபத்தான லோ இல்லை. இனிப்பை அள்ளிச் சாப்பிட வேண்டாம். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். மீட்டர் வைத்திருப்பதன் உண்மையான லாபம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

கையில் ஒட்டும் சென்சார் வேண்டுமா?

ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 சென்சார் 14 நாள், டெக்ஸ்காம் ஜி6 10 நாள் உடலில் ஒட்டியிருந்து தொடர்ந்து அளக்கும். அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. ஆகவே சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். முதல் நாள் ரீடிங் சற்றுத் தள்ளாடும். அந்தக் கையை அடியில் வைத்துப் படுத்தால் நடுராத்திரியில் பொய் லோ அலாரம் அடிக்கும். சிலவற்றில் அதிக டோஸ் வைட்டமின் சியும், சிலவற்றில் பாராசிட்டமாலும் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

இன்சுலின் போடுபவருக்கு இது தாராளமாகத் தகும். மாத்திரையில் இருக்கும் புதியவருக்கு ஒரே ஒரு சென்சார் போட்டு, இரண்டு வாரத்தில் எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று படித்துக்கொண்டு, பிறகு விரல் மீட்டருக்குத் திரும்புவதே எங்கள் யோசனை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் பார்த்துப் பதறுகிற சுபாவம் உள்ளவர் அதையும் யோசித்துச் செய்யட்டும். சென்சார் இருந்தாலும் விரல் மீட்டரைத் தூக்கிப்போட முடியாது: உடம்பு ஒன்று சொல்ல, சென்சார் வேறு சொன்னால் விரலில்தான் குத்திப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன்

மீட்டரை இலவசமாகக் கொடுத்தால் மகிழ்வதற்கு முன் அதன் ஸ்ட்ரிப் என்ன விலை என்று கேளுங்கள். ஒரு மீட்டரின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் வேலை செய்யாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே பல சமயம் பொருந்தாது. வாரத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் ஆகும் என்று கணக்கிட்டு, ஒரு வருட ஸ்ட்ரிப் செலவோடு மீட்டரின் விலையைக் கூட்டி ஒப்பிட்டால் பல ‘மலிவு’ மீட்டர்கள் பட்டியலின் கீழே போய்விடும். மாடல் பழசாகி ஸ்ட்ரிப் வருவது நின்றுபோன மீட்டரைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவதும் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் டப்பா கைக்கு வந்ததும் சீல், எக்ஸ்பைரி, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மூன்றையும் பாருங்கள். கன்ட்ரோல் சொல்யூஷனில் எண் எல்லை தாண்டினால் அந்த லாட் எண்ணோடு கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் செய்யலாம். டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டால் லாட் எண்ணும் போய்விடும், கடைசி ஸ்ட்ரிப் தீரும்வரை வைத்திருங்கள்.